சூறாவளி உட்கார்ந்த கல்பெஞ்சு

நகரத்தின் நடுவிலிருக்கும் அந்தப் பழைய சதுக்கத்தைப் பெருக்குகிறவளுக்குச் சூறாவளி என்று பெயர் வைத்தவர்கள் அவளோடு வேலை பார்க்கிறவர்கள்தான். அவள் துடைப்பத்தை எடுத்தால் புறாகூட வழிவிட்டு நிற்கும். வருஷக்கணக்காகக் குனிந்தே பெருக்கியதில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அங்கே உட்கார்ந்ததுதான் கிடையாது.

போன வாரம் தலை சுற்றியதென்று, மணிக்கூண்டுக்கு எதிரேயிருந்த கல்பெஞ்சில் சற்றே சாய்ந்தாள். அவ்வளவுதான், பெருக்குகிறவர்களை வேலை வாங்கும் மேஸ்திரி எங்கிருந்தோ முளைத்துவிட்டார். "எந்திரிம்மா, இது பார்க்க வர்றவங்க உட்கார்ற இடம்" என்றார், அத்தனை பேர் பார்க்க. சூறாவளி எழுந்துவிட்டாள். ஆனால் அந்தச் சொல் முள்ளாகத் தைத்துவிட்டது. அவமானம்தான், வேறென்ன? விடுமுறை நாள் வரட்டும், அதே பெஞ்சில் உட்கார்ந்து காட்டுகிறேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

சொன்னபடி வந்தும் விட்டாள், எடுத்து வைத்திருந்த நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு. அந்த மனுஷனுக்கோ வம்பென்றாலே ஆகாது. இருக்கிற வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் புலம்பினார். பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தபோதும் ஒரு தோலைக் கீழே விடாமல் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். அவள் தலையை நிமிர்த்தி மணிக்கூண்டைப் பார்த்தாள். உச்சியில் ஒரு கல் சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அடக் கடவுளே, இத்தனை வருஷமாக இது இங்கேயா இருந்தது?

மேஸ்திரி வந்தார். அன்றைக்கு மாற்று ஆள் வராமல் போனதால் பெஞ்சைச் சுற்றி ஒரே குப்பை. அவளைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையிலிருந்த துடைப்பத்தை நீட்டினார்.

"நல்லவேளை, வந்திருக்க. இந்தப் பக்கம் மட்டும் நாலு இழுப்பு இழுத்துடும்மா."

வீட்டுக்காரர் பாதி எழுந்தேவிட்டார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கும் கை பரபரத்தது, பழகிய கையல்லவா. மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் வேலைக்கு வரல. நானும் பார்க்க வந்தவதான்" என்றாள்.

மேஸ்திரி அவளை முறைத்தார். அவள் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவரே பெருக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

சூறாவளி நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்க. நான் ஒண்ணும் எந்திரிக்கச் சொல்ல மாட்டேன்."