ஆரிபா குனிந்தபோது

கும்மிடிப்பூண்டி பஜாரில் சிப்காட் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலைக்குக் கொஞ்சம் முன்னால் சஹாபுதீனின் கடை இருக்கிறது. சேஃப்டி ஷூ, கையுறை, ஹெல்மெட், தொழிற்சாலை யூனிஃபார்ம் என்று ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு வேண்டிய எல்லாமே அங்கே கிடைக்கும். முன்பக்க வியாபாரத்தை அவர் பார்த்துக்கொள்ள, பின்கட்டில் துணி வெட்டும் மேஜையை அவர் மனைவி ஆரிபா ஆண்டுவந்தாள். பழவேற்காட்டில் பிறந்து இங்கே வாழ வந்தவள். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு, சட்டென்று சிரித்துவிடும் முகம். அடுக்கிவைத்த துணியின் மேல் சாக்பீஸால் கோடு இழுத்து அவள் வெட்டினால், எந்தத் தையல்காரரும் அதை மறுபடி அளந்து பார்ப்பதில்லை.

அந்த மேஜையின் மேல்தான் முதல் சொட்டு விழுந்தது. சாம்பல் நிறத் துணியில் பொட்டு வைத்தாற்போல் ஓர் ஈரம். ஆரிபா கூரையை அண்ணாந்து பார்த்தாள். மழை இல்லை, ஒழுகலும் இல்லை. மறுபடி குனிந்தாள். இன்னொரு சொட்டு. அது தன் இடது மூக்கிலிருந்துதான் விழுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சளி என்றால் பிசுபிசுக்க வேண்டும். இது குழாயைச் சரியாக மூடாவிட்டால் சொட்டுமே, அப்படித் தெளிந்த தண்ணீராக இருந்தது.

டாக்டரிடம் போனாள். சைனஸ் என்றார். ஸ்ப்ரே கொடுத்தார், மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் அலர்ஜி என்றார். அவருக்கு அடுத்தவர் இரண்டும்தான் என்றார். இத்தனை பேக்டரி இருக்கிற ஊரில் யாருக்குத்தான் சைனஸ் இல்லை என்று அக்கம்பக்கத்திலும் ஒப்புக்கொண்டார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தாள். பஞ்சு வைத்து அடைத்தாள், தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது. வருஷங்கள் இப்படியே போயின. இடது மூக்கில் துணித் துண்டைச் செருகிக்கொண்டு கத்திரிக்கோல் பிடிப்பது அவளுக்குப் பழகிப்போயிற்று.

பழகாத இடம் ஒன்று இருந்தது. அது தொழுகை. ரமலான் மாதத்தில் தெருப் பெண்கள் எல்லாம் ஒரு கூடத்தில் சேர்ந்து தொழுவார்கள். ஆரிபா சஜ்தாவுக்குப் போய் நெற்றியைத் தரையில் வைத்தால் போதும், மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தொழுகை விரிப்பான முசல்லாவில் விழும். ஒருநாள் தொழுகை முடிந்து எழுந்தபோது பக்கத்தில் இருந்த மூத்த மாமி அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டார்.

“மாஷா அல்லாஹ்! ஆரிபா சஜ்தாவுல இன்னாமா அழுவுறா பாத்தீங்களா? நம்பளுக்கு அந்த மாதிரி ஒரு நெஞ்சு இல்லியே.”

மறுநாளைக்குள் அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எம் பேரனுக்கு வேலை கிடைக்கணும்னு துஆ செய்யி, எம் மருமவளுக்குக் குழந்தை தங்கணும்னு துஆ செய்யி என்று வரிசையாகக் கேட்டார்கள். ஆரிபா கையை உருவிக்கொண்டு வெளியேறினாள். வீட்டுக்கு வந்து மகள் சிஃபாவிடம் குமுறினாள்.

“நான் எங்கடி அழுதேன்? மூக்கு ஒழுவுது. அத போயி அழுவுறேன்னு சொல்லிக்கினு இருக்காங்க.”

சிஃபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆரிபாவும் சிரித்தாள். ஆனால் உள்ளே உறுத்தியது. அழாத அழுகைக்கு, அதுவும் அல்லாவின் முன்னிலையில், பேர் வாங்கிக்கொண்டு நிற்கிறோமே என்று கூசிப்போய் கூடத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அதையும் பணிவு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷக் கடைசியில் காய்ச்சல் வந்தது. வழக்கமான காய்ச்சல் இல்லை. தலை வெடித்துவிடும்போல் வலித்தது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வெளிச்சம் பட்டால் கண் கூசியது. சாயங்காலத்துக்குள் மகள் பெயரையே மாற்றிக் கூப்பிட்டாள். சஹாபுதீன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி சென்னைக்குக் கொண்டுபோனார். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் மூளைச் சவ்வில் கிருமி தொற்றியிருக்கிறது என்றார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். சிஃபா கட்டிலை விட்டு நகரவில்லை. ஆரிபா பிழைத்து எழுந்து கஞ்சி கேட்ட காலையில், சஹாபுதீன் வராந்தாவில் போய் நின்று சுவரைப் பார்த்து அழுதார்.

நல்ல வேளையாக அந்த வார்டு டாக்டர்கள் அதோடு விடவில்லை. இந்த வயதில், ஒரு காயமும் இல்லாமல், கிருமி மூளைக்கு எப்படிப் போனது என்று யோசித்தார்கள். மூக்கு ஒழுகும் என்று அவள் சொன்னதைக் கேட்டு, காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். அவர் பெயர் நந்தினி. கட்டில் ஓரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தண்ணி ரெண்டு பக்கமும் வருமா, ஒரு பக்கம் மட்டுமா?”

“எடது பக்கம் மட்டுந்தாங்க.”

“எப்ப வரும்?”

“குனிஞ்சா வரும். துணி வெட்டசொல்ல வரும், தொழுவசொல்ல வரும்.”

“தொண்டைக்குள்ள இறங்கினா என்ன ருசி?”

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. “உப்பு கரிக்குங்க” என்றாள் ஆரிபா.

நந்தினி ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார். “அப்படியே குனிஞ்சு உட்காருங்க.” ஆரிபா குனிந்தாள். வழக்கம்போல் சொட்டியது. அந்தத் தண்ணீர் பரிசோதனைக்குப் போயிற்று. ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு வந்ததும் நந்தினி மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“அம்மா, இது சளி இல்ல. மூளையைச் சுத்தி இருக்குற தண்ணி.”

சஹாபுதீனுக்கு முகம் வெளுத்தது. “மூளைத் தண்ணியா? மூக்கு வழியாவா?”

மூக்குக்கு மேல் கூரைபோல ஓர் எலும்பு இருக்கிறது, அது முட்டை ஓட்டைவிட மெல்லியது, அதில் ஒரு பொத்தல் விழுந்திருக்கிறது என்று நந்தினி விளக்கினார். அந்தப் பொத்தல் வழியாகத் தண்ணீர் கீழே இறங்கியது. கிருமியும் அதே வழியில் மேலே ஏறிவிட்டது.

“அப்ப இத்தினி வருஷமா சைனஸ்னு சொன்னாங்களே?” என்று கேட்டாள் சிஃபா.

“மூக்கு ஒழுகுதுன்னு வர்றவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் அலர்ஜிதான் இருக்கும். இது அபூர்வம். தலையில அடிபடாமலே, உள்ள அழுத்தம் கூடி, நடு வயசுப் பெண்களுக்கு இப்படி ஆகுதுங்கறது சமீப வருஷ ஆராய்ச்சியிலதான் நல்லாத் தெளிவாகிட்டு வருது.”

“தலைய தெறக்கணுமா?” என்றாள் ஆரிபா.

“வேணாம். மூக்கு வழியாவே கேமராவை விட்டு அடைச்சுடலாம். தொடையிலருந்து கொஞ்சம் சதையும் சவ்வும் எடுத்து ஒட்டுப் போடுவோம். பத்துல ஒன்பது பேருக்கு மேல முதல் தடவையிலேயே அடைஞ்சுடுது.”

ஒட்டுப்போடுவது என்றதும் ஆரிபாவின் முகம் தெளிந்தது. அது அவளுக்குத் தெரிந்த சங்கதி.

பிறகு நந்தினி இன்னொன்று சொன்னார். அவர்கள் பிரிவில் ஓர் ஆய்வு நடக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் சிலருக்கு முதுகில் மெல்லிய குழாய் வைத்து, தண்ணீரை வடித்துக்கொண்டு, பல நாள் படுக்கவைப்பார்கள். சிலரைக் குழாய் இல்லாமல் மறுநாளே நடக்கவிடுவார்கள். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் தேர்ந்தெடுக்கும். விருப்பம் இருந்தால் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சேராவிட்டாலும் வைத்தியத்தில் குறை இருக்காது.

சஹாபுதீன் துள்ளி எழுந்தார். “இன்னாங்க இது, குலுக்கல் சீட்டா? எம் பொண்டாட்டிய வெச்சி குலுக்கிப் பாப்பீங்களா?”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் ஆரிபா. டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள். “ரெண்டுல எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?”

“தெரியாதும்மா. தெரிஞ்சா அதையே குடுத்துடுவேன். முன்னாடி எல்லாருக்கும் குழாய் வெச்சாங்க. பலருக்கு அது தேவையில்லைன்னு இப்ப வர்ற ஆய்வுகள் சொல்லுது. நம்ம ஊர்க்காரங்களுக்கும் அப்படித்தானான்னு பாக்கணும்.”

ஆரிபா நினைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் மூக்கைப் பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. டாக்டர்களுக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது, கூடத்து மாமிக்கும் தெரிந்தது.

“தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க. நான் சேந்துக்குறேன்” என்றாள்.

ஆபரேஷன் காலையில் அவள் உதட்டுக்குள் ஓதிக்கொண்டே போனாள். கண் விழித்தபோது மூக்கு முழுக்கப் பஞ்சு. வலி தொடையில். “மூக்குல ஆபரேஷன் பண்ணா தொடையா வலிக்கும்?” என்று வாயால் மூச்சு விட்டபடி கேட்டாள். கம்ப்யூட்டர் அவளை நடக்கிறவர்கள் பக்கம் போட்டிருந்தது. மறுநாளே சிஃபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று சஹாபுதீன் இரண்டு கையையும் விரித்தபடி பின்னாலேயே வந்தார். முதுகில் குழாயோடு படுத்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பேஜாரு. குனியக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது மூக்குக்குத் தண்ணீர் செலுத்தக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. வெட்டும் வேலையில் சஹாபுதீனே இறங்கினார். முதல் அடுக்கிலேயே எல்லாச் சட்டைக்கும் இரண்டு கையையும் இடது பக்கத்துக்கே வெட்டிவைத்தார். ஆரிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பலமாகச் சிரிக்கலாமா என்று சிஃபாவை விட்டு டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

கேமரா விட்டுப் பார்த்து, ஒட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது, இனி குனியலாம் என்று நந்தினி சொன்ன நாளன்று, ஆரிபா வீட்டுக்கு வந்ததும் மதிய லுஹர் தொழ நின்றாள். வீட்டில் யாரும் இல்லை. கை கட்டினாள். ருகூவில் குனிந்தாள். ஒன்றும் இல்லை. சஜ்தாவுக்குப் போனாள். நெற்றி தரையைத் தொட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். இடது மூக்கு வறண்டிருந்தது. ஓத வேண்டியதை ஓதிவிட்டும் தலையைத் தூக்க மனம் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் கொட்டி முசல்லாவை நனைத்தது.

அடுத்த ரமலானில் கூடத்துக்குப் போனாள். தொழுகை முடிந்ததும் மாமி அவள் முசல்லாவைத் தடவிப் பார்த்தார்.

“இன்னாடி ஆரிபா, காஞ்சி கெடக்குது? நெஞ்சு கல்லாயிடுச்சா?”

ஆரிபா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “மாமி, நான் எந்தக் காலத்துலயும் அழுவல. அது மூளைத் தண்ணி. மூக்கு வழியா ஒழுவிக்கினு இருந்துச்சி. ஆபரேஷன் பண்ணி அடைச்சிட்டாங்க.”

மாமிதான் முதலில் வெடித்துச் சிரித்தார். “அட பாவி! அத நம்பி எம் பேரனுக்கு துஆ கேட்டேனே!”

“வேலை கெடைச்சிதா இல்லியா?”

“கெடைச்சிடிச்சி!”

சிரிப்பு வாசல் வரை கேட்டது. அன்றைக்கு ஆரிபா வீட்டுக்கு நடந்த நடையில் கல்யாணப் பெண்ணின் மிடுக்கு இருந்தது.

ஆய்வுக்காக அவளை அவ்வப்போது வரச்சொல்லிப் பரிசோதித்தார்கள். அப்படி ஒருமுறை போனபோது நந்தினி ஓர் உதவி கேட்டார். வராந்தா பெஞ்சில் கெங்கம்மாள் என்று ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். திருவாலங்காடு பக்கம் சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறவர். நாற்று நடக் குனிந்தால் மூக்கிலிருந்து நீர் சொட்டுகிறது. அதே பொத்தல்தான். ஆபரேஷன் என்றதும் பயந்துபோய், புருஷனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பத் தயாராக இருந்தார். அவரிடம் ஆரிபா கொஞ்சம் பேசிப் பார்க்க வேண்டும்.

ஆரிபா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இன்னாக்கா பயம்?”

“மூக்குல உட்ட கத்தி மூளையத் தொட்டுடாதா? அப்பறம் நானு குனிஞ்சி ஒரு வேல செய்ய முடியுமா?”

ஆரிபா எழுந்து நின்றாள். முக்காட்டை இறுக்கிச் செருகினாள். வராந்தாவின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, இடுப்பை மடித்து, விரல்கள் தரையைத் தொடும்வரை குனிந்தாள். அப்படியே நின்றாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். கெங்கம்மாள் பெஞ்சிலிருந்து இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் மூக்குக்குக் கீழே தரையைத் தடவிப் பார்த்தார். தலையைச் சாய்த்து மூக்கு நுனியையும் பார்த்தார்.

“எழுந்துக்கட்டுமாக்கா? ரத்தமெல்லாம் மூஞ்சிக்கி வந்துடுச்சி.”

“இரு, இரு” என்றார் கெங்கம்மாள். புருஷன் இருந்த பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “யோவ், பையக் கீழ வெச்சிட்டு இங்க வந்து பாருய்யா. ஒரு சொட்டு இல்ல!”