வளராத மகளுடன் வேலூருக்கு

சென்ற மாசியில் என் மகள் கல்யாணியை ஆம்பூரிலிருந்து வேலூருக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது. நாலு வயதில் நின்ற உயரம் நின்றதுதான். முகம் ஊதி, குரல் கரகரத்து, உட்கார்த்திய இடத்திலேயே இருப்பாள். தாயத்தும் கஷாயமும் பார்த்தாயிற்று. தோல் மண்டியில் என்கூட வேலை செய்யும் பாய்தான் வேலூர் லேடி டாக்டரைப் பற்றிச் சொன்னார்.

காலை ஆறரைக்குப் பாசஞ்சர். காட்பாடிக்கு முப்பத்திரண்டு மைல். எனக்குப் பத்தணா, அவளுக்கு அரை டிக்கெட்.

"மடியில வெச்சுக்கிற கொழந்தைக்கு இன்னாத்துக்குப்பா டிக்கெட்டு?" என்றார் டிக்கெட் கொடுப்பவர். நல்ல மனதோடுதான் கேட்டார். ஒன்பது வயது என்றேன். அதன்பின் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காட்பாடியிலிருந்து ஜட்கா வண்டியில் ஐந்து மைல், நாலணா. பத்து மணிக்குள் போனால்தான் ஆஸ்பத்திரியில் சீட்டு கிடைக்கும் என்று வண்டிக்காரர் சொன்னதும் குதிரையை விரட்டச் சொன்னேன். பத்துக்குச் சற்று முன்னால் சேர்ந்தோம்.

டாக்டரம்மா கல்யாணியின் கழுத்தைத் தடவினார், நாக்கைப் பார்த்தார், சுவரோடு நிறுத்தி அளந்தார். கழுத்துக்குள் ஒரு சுரப்பி வேலை செய்யவில்லையாம். ஆட்டின் அதே சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரையைக் கொடுத்தார். தினமும் ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கிறவன் நான். அதன் கழுத்தில் இப்படியொன்று இருப்பதே தெரியாது.

"தெனம் ஒண்ணுதான். ஜாஸ்தி குடுத்துடாதீங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சா நிறுத்திட்டு உடனே கொண்டாந்துடுங்க" என்றார்.

வளர்ந்துவிடுவாளா என்று கேட்டேன்.

"வளருவா. ஆனா போன அஞ்சு வருஷத்தோட உயரம் முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். முன்னயே வந்திருக்கலாம்."

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். திரும்பும் ரயிலில் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தேன். துடிப்பது நாடியா, வண்டியின் ஆட்டமா என்று தெரியவில்லை. குடியாத்தத்தில் வண்டி நின்றபோதுதான் நிதானமாக எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாம் வாரம் கல்யாணி தன் தம்பியின் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அவன் அழுதான். என் மனைவியும் அழுதாள், அடிக்கக் கை ஓங்காமல். ஆடிக்குள் ஒன்றரை அங்குலம் வளர்ந்திருந்தாள்.

போகிறவர்கள் முதல் வண்டியைப் பிடியுங்கள், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், மாத்திரையைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். போன வருஷத்துச் சட்டை இந்த வருஷமும் பிள்ளைக்குச் சரியாக இருந்தால், துணிச்செலவு மிச்சம் என்று என்னைப்போல் இருந்துவிடாதீர்கள். புறப்படுங்கள்.