தகரம் சுற்றிய புகைக்குழாய்

திருத்தணி மலையடிவாரத்தில் இருந்த எங்கள் நெசவாளர் தெருவுக்குள் என் தாய்மாமனின் வேன் நுழையுமுன் அதன் முழக்கம் நுழைந்துவிடும். சேலைக் கட்டுகளைச் சென்னைக்குச் சுமந்து தேய்ந்த பழைய வண்டி அது. புகைக்குழாய் துருவேறி நடுவில் பிளந்திருந்தது. ஏறுபவர்கள் சற்று உரக்கப் பேசிக்கொண்டால் போதும், புதுக்குழாய் எதற்கு என்பது மாமாவின் கோட்பாடு.

சென்னை மருத்துவமனையில் நெடுநாள் கிடந்த அம்மாவை வீட்டுக்கு அழைத்துச் செல்லுமாறு கூறி மருத்துவர்கள் கைவிரித்துவிட்டனர். குணமாகிவிட்டாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை மாமா வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தார். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் களிமண்ணைக் குழைத்துப் பிளவில் அப்பினார். எண்ணெய்த் தகரத்தை வெட்டி அதன்மேல் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கினார்.

"வர்ற வரைக்கும் தாங்குமாடா?" என்றார், நைனா என்று நாங்கள் அழைத்த என் தந்தை.

"தாங்கும் பாவா. சத்தம் கேட்டா அக்காவுக்கு மண்டைய பொளக்குதாம். மெதுவா ஓட்டிகினு வந்துடறேன்."

எனக்கு அழுகை பொங்கியது. அம்மாவின் வரவை அறிவிக்க அம்முழக்கத்தினும் சிறந்த மேளம் எது?

"சத்தமே இல்லன்னா அம்மா வர்றது யாருக்கு மாமா தெரியும்?"

"ஊரே தெரிஞ்சிகினுதான்டா இருக்குது. கம்பிய முறுக்கணும், அந்தக் குறட்ட எடு."

மாலையில் தெருமுனையில் காத்திருந்தேன். குழாயில் அப்பிய கஞ்சி சூடேறித் தீய்ந்த சோற்றின் நாற்றம் முன்னே வர, வண்டி ஓசையின்றி வந்தது. தெருவின் மேட்டில் ஏறுகையில் தகரம் தெறித்து விழுந்தது. பழைய முழக்கம் வெடித்தெழ, உள்ளிருந்து அம்மா முனகினாள். மாமா உடனே இயந்திரத்தை நிறுத்தினார்.

அவர் இறங்கி எவரையும் அழைக்கவில்லை. இருமருங்கிலும் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆடவரும் பெண்டிரும் வெளியே வந்து, வண்டியில் கைவைத்துத் தள்ளினர். தேர் நகர்வதுபோல் அது எங்கள் வாசலை நோக்கி நகர்ந்தது.

நான் முன்னே குதித்தோடினேன். "எங்கம்மா வந்துட்சி! எங்கம்மா வந்துட்சி!"

எதற்கெடுத்தாலும் என்னை அதட்டும் பெரியப்பாவும் அன்று அதட்டவில்லை. இத்தனை பேர் கூடியும் ஒருவரும் வாய்திறவாதது எனக்கு வியப்பாயிருந்தது. வண்டி மிகவும் கனக்கிறது போலும், பேச அவர்களுக்கு மூச்சில்லை என்று எண்ணிக்கொண்டேன்.