இரைச்சலை நிறுத்தக் கழற்றிய எர்த் வயர்

போனிலிருந்து வைஃபையில் பாட்டுக் கேட்க, எங்கள் கோவில்பட்டி வீட்டுக் கூடத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் அதோடு, அடித்தொனிக்கென்று தனிப்பெட்டியான ஒரு சப்வூஃபரைச் சேர்த்தேன். அன்றிலிருந்து பாட்டுக்கு அடியில் 'உம்' என்று ஓர் இரைச்சல். எதை மாற்றியும் போகவில்லை. கடைசியில் சப்வூஃபர் பிளக்கிலிருந்த எர்த் வயரைக் கழற்றினேன். இரைச்சல் நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் என் மனைவி ஈரத்துணியால் சப்வூஃபரின் பின்பக்கத் தகட்டைத் துடைத்தாள். கை ஒட்டிக்கொண்டது, கத்தக்கூட முடியவில்லை. நான் ஓடி மெயினை அணைத்த பிறகுதான் கீழே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள்.

சப்வூஃபருக்குள் மின்கசிவு என்று சொன்ன எலக்ட்ரீஷியன், கொல்லையிலிருந்த எர்த் குழியையும் காட்டினார். கரிசல் மண் காய்ந்து வெடித்து, கம்பியைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"செடிக்கெல்லாம் தண்ணி ஊத்துதீங்க, இதுக்கு ஊத்தலையே அண்ணாச்சி. காஞ்ச மண்ணு கரண்டை இழுக்காது. வயரைக் கழத்தாம இருந்திருந்தாலும் பாதி ஆபத்துதான்."

கசிவைச் சரிசெய்து வயரை மாட்டிவிட்டோம். வாரம் இரண்டு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்றுகிறேன். வயரை மாட்டியதுமே இரைச்சலும் திரும்பிவிட்டது. அதை நான் தொடுவதில்லை.

அவளுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. நான் பாட்டுப் போட்டால் அடுக்களையிலிருந்து கேட்கிறாள்:

"ஏங்க, அந்தச் சத்தம் வருதா?"

"வருது" என்று நான் சொன்ன பிறகுதான் கூடத்துக்குள் கால் வைக்கிறாள்.