மனம் நோகாத ரவுட்டர்ப் பட்டியல்

ரவுட்டரின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தே பொழுதைக் கழிக்கிறவன் நான்; இந்தத் தொழிலால் கண்ணாடிக் கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் லாபமில்லை.

கம்பனிகள் கைவிட்ட பழைய ரவுட்டர்களுக்கு, ஆர்வலர்கள் இலவசமாக ஃபேர்ம்வெயார், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருள், எழுதித் தருகிறார்கள். எது எதில் ஏறும் என்று மட்டக்களப்பிலிருந்து தமிழில் ஓர் இணையப் பட்டியல் வைத்திருக்கிறேன். பொருந்தாததை ஏற்றினால் பெட்டி செத்துப்போகும். இதே வேலையில் மாட்டிக்கொண்ட சகோதரங்களே, அழுகை வந்தால் அடக்க வேண்டாம்.

சந்தனக் காப்பு

அமிர்தகழியில் ஃபோட்டோக்கொப்பிக் கடைக்காரர் ஒருவர், தன் ரவுட்டருக்கு எது ஏறும் என்று கேட்டார். பின்பக்கத்து வேர்ஷன் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் சந்தனம், நடுவே குங்குமப் பொட்டு. முன்பக்கம் பூசினால் லைட் மறையுமாம். துடைத்துவிட்டு அனுப்புங்கள் என்றேன். திகைத்துப்போனார்.

"பூசினத ஆராச்சும் இடையில துடைப்பாங்களா தம்பி? வாற சரஸ்வதி பூசைக்குக் கழுவுவம்தானே, அப்ப பாத்துச் சொல்லுறன்."

உன்னிச்சை நற்சான்றிதழ்

உன்னிச்சை சிவம் அண்ணன் வெள்ளாமைக்காரர். அவருடைய ரவுட்டருக்காக மூன்று தரம் போனேன். ஒவ்வொரு தரமும் சோறும் தயிரும். கடைசித் தரம், ஃபேர்ம்வெயார் ஏறி முடிய நேரமாகும், கை வைக்காதீங்க என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் ஃபோனில் விசாரித்துவிட்டு, பட்டியலில் பச்சை நிறத்தில் 'வேலை செய்யும்' என்று போட்டேன். அவர் சொன்னது இதுதான்:

"சோக்கா வேலை செய்யுது தம்பி."

பெருநாளுக்கு முன்

ஏறாவூர் பரீதா ராத்தா, ஃபோனில் நேரலை போட்டுச் சாரி விற்கிறவர். பெருநாளுக்கு முந்திய வியாபாரம்தான் அவருக்கு ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். கட்டாரிலிருந்து கணவர் அனுப்பிய ரவுட்டர் அந்த நாட்டு இணைப்புக்கு மட்டும் என்று பூட்டியிருந்தது. சிவம் அண்ணனுடைய அதே வகை, அதே வேர்ஷன். பட்டியலை நம்பி ஏற்றினேன். விளக்கெல்லாம் அணைந்தது, திரும்ப எரியவே இல்லை. என் வீட்டு ரவுட்டரைக் கழற்றிவந்து ராத்தாவுக்குப் பொருத்திக் கொடுத்துவிட்டு, நேரே உன்னிச்சைக்குப் போனேன்.

அங்கே சிவம் அண்ணனின் ரவுட்டர் விதைநெல் மூட்டைக்கு மேலே சும்மா கிடந்தது. நான் ஏற்றிய அன்றே அணைந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். அவர் தயிர்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"மூண்டு தரம் வெயிலுக்குள்ள வந்த புள்ள. பழுதாப்போட்டுது எண்டு வாயத் திறந்து என்னெண்டு சொல்லுற?"

ராத்தாவின் திருத்தம்

பெருநாள் வியாபாரம் குறையில்லாமல் முடிந்தது. ராத்தாவின் ரவுட்டர் மட்டும் பிழைக்கவில்லை. என்னுடையதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். வெட்கமாக இருந்தது. ராத்தா என் பட்டியலை ஃபோனில் திறந்து, இந்தப் பச்சையெல்லாம் யார் சொல்லிப் போட்டது என்று கேட்டார். எங்கட ஆக்கள்தான் என்றேன். கொஞ்ச நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"அப்ப இது ரவுட்டர்ர பட்டியல் இல்ல தம்பி, நல்ல மனிசர்ர பட்டியல்."

அன்றிலிருந்து 'வேலை செய்யுதா?' என்று யாரையும் கேட்பதில்லை, 'என்ன கரைச்சல் குடுக்குது?' என்று பழுதைத்தான் கேட்கிறேன். அதற்கும் 'ஒரு கரைச்சலும் இல்ல தம்பி' என்றே சொல்கிறார்கள்.