மழை என்றே சொல்லிக்கொண்டிருந்த சேர்வர்

யட்டியாந்தோட்டைப் பக்கம் வெயில் கொளுத்திய மூன்று நாட்கள், எங்கள் ரப்பர் தோட்டத்து டிவிஷன் முழுவதற்கும் மழை பெய்கிறது என்று அறிவித்த மடையன் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு சேர்வர் பார்க்கிறவன். சேர்வர் என்றால் எங்கோ தூரத்தில் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் கணினி. அதற்கு உடம்பு சரியில்லை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். என் மனைவி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அந்த மாதம்தான் அவளைக் கங்காணி ஆக்கியிருந்தார்கள். எங்கள் டிவிஷனில் அதற்கு முன் பெண் கங்காணி கிடையாது. தோட்டத்தை நடத்தும் தொரையும் "ஒரு மாசம் பார்ப்போம்" என்றுதான் கொடுத்திருந்தார்.

ரப்பருக்கு மழை ஆகாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் விடியும்போதே வானத்தைப் பார்த்து, இன்று வெட்டு உண்டா இல்லையா என்று கங்காணி சொல்ல வேண்டும். அதற்காக அவள் லயம் லயமாக நடப்பதைப் பார்த்து எனக்குள் இருந்த புருஷன் பொங்கிவிட்டான். 'வெட்டு உண்டு', 'மழை, வெட்டு இல்லை' என்று இரண்டே பட்டன் வைத்து ஒரு ஆப் செய்து, அதற்கென்று தனியாக ஒரு சேர்வரும் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தேன். நாலரைக்கு அவள் ஒன்றை அமுக்குவாள். ஐந்து மணிக்கு எல்லார் போனுக்கும் செய்தி போகும். இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்பெனியில் செய்கிற வித்தையை வீட்டிலும் காட்டிப் பார்க்க ஆசை வந்தது. சேர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் வரி வரியாக எழுதி வைத்துவிட்டால் போதும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு காவல் நிரல் வந்து இரண்டையும் ஒத்துப் பார்க்கும். யாராவது எதையாவது மாற்றியிருந்தால் கோப்பில் உள்ளபடி திருத்திவிட்டுப் போகும். சேர்வர் செத்தே போனாலும் அச்சு அசலாக இன்னொன்றை எழுப்பி நிறுத்தும். ஒரு நாள் உட்கார்ந்து, சேர்வரில் அன்றைக்கு இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் கோப்பில் எழுதினேன். அன்றைக்கு அடைமழை. 'மழை, வெட்டு இல்லை' என்ற வரியும் கூடவே உள்ளே போனது. நான் கவனிக்கவில்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அவள் 'உண்டு' என்று அமுக்கினாள். ஐந்து மணிக்கு எல்லார் போனுக்கும் மழை என்று போனது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் போன் இல்லாதவர்கள். தொரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கோ வெஸ்ஸ?" என்றாராம் சிங்களத்தில். மழை எங்கே என்று கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்?

"நீ அவசரத்துல மாத்தி அமுக்கியிருப்ப," என்றேன் வீட்டில்.

"இருவது வருசமா கத்தி புடிக்கிற கைங்க இது. ரெண்டு பட்டன்ல தவறாது."

இரண்டாம் நாள் நானே எழுந்து, சேர்வருக்குள் போய், கையாலேயே 'உண்டு' என்று மாற்றினேன். மூன்று தரம் படித்துப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வருவதற்குள் டிவிஷனில் மழை. பக்கத்து வீட்டு அக்கா வெயிலில் துணி காயப் போட்டபடியே, "தம்பி, மழ எப்ப நிக்கும்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க. சேல காயணும்," என்றார்.

எவனோ ரப்பருக்கு விரோதியான வெளிநாட்டுக்காரன் உள்ளே புகுந்துவிட்டான் என்று முடிவு கட்டி, கடவுச்சொல்லை மாற்றினேன். அன்று சாயங்காலம் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நாளைக்கும் ஆள் வரலேன்னா தொர பழைய கங்காணியையே போட்டுருவாராம்."

மூன்றாம் நாள் நாலரைக்கு மாற்றிவிட்டுக் கண்ணை எடுக்காமல் காவல் இருந்தேன். நாலு நாப்பதுக்கு, என் கண் முன்னாலேயே, 'உண்டு' மழையாகிப் போனது. ஆள் உள்ளேதான் இருக்கிறான். கோபத்தில் சேர்வரையே மொத்தமாக அழித்துவிட்டேன். நாலு நிமிஷம் நிம்மதி. பிறகு புது சேர்வர் ஒன்று தானாக எழுந்தது. புதுசு என்ற உற்சாகமோ என்னவோ, ஐந்து மணிக்கு மழையை இரண்டு தரம் அனுப்பியது.

அப்போதுதான் மாற்றியது யார் என்று பதிவைத் திறந்து பார்த்தேன். மூன்று நாளும், மாற்றிய ஒவ்வொரு தரமும், என் பெயர். காவல் நிரல் என் பெயரில்தான் ஓடுகிறது; நான் எழுதி வைத்த மழையைத்தான் அது காத்துக்கொண்டிருந்திருக்கிறது. கோப்பில் அந்த ஒரு வரியை அழித்தேன். அவளிடம் சொல்லத் திரும்பினால் வீட்டில் ஆள் இல்லை. என்னை நம்பாமல் முன்னாடியே கிளம்பியிருக்கிறாள். மேல் லயத்தில் கதவு தட்டும் சத்தத்தோடு அவள் குரல் கேட்டது.

"போன பாக்காதீங்க, வெளிய வந்து வானத்த பாருங்க. அண்ணே, எந்திரிங்க, வெட்டு இருக்கு."

பெரட்டு நிறைந்துவிட்டது. மூட்டு வலி என்று லீவு கேட்டிருந்தவரும் வந்து நின்றாராம். மாசம் முடியக் காத்திருக்காமல், நீயே கங்காணியாக இரு என்று தொரை அங்கேயே சொல்லிவிட்டார். மத்தியானம் வந்து கையிலிருந்த ரப்பர் பாலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இதைச் சொன்னாள். எனக்கும் தெம்பு வந்துவிட்டது.

"ஆப் பத்தி ஒன்னும் கேக்கலையா?"

"கேட்டாரு. யாரு செஞ்சதுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"யாரோ கொழும்புக்காரன்னு சொல்லிட்டேன்."