வீட்டில் எத்தனை பேர்?

அண்ணி இறந்த செய்தி வந்தபோது நான் கடைசி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். தருமபுரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மாமா வாசலில் நின்று சொன்னார். மஞ்சள் காமாலை. மீதியையும் பெருக்கி முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

காரியத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் சுகந்தி அண்ணியின் நல்ல குணத்தைப் பேசினீர்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

இண்டூரில் எங்களுடையது ஒன்பது அறை வீடு. அண்ணி மருமகளாக வந்தபோது, பெங்களூரில் இருக்கும் அவர் தம்பி கொடுத்த சிறிய கம்ப்யூட்டரும் கூட வந்தது. அதை டிவியில் மாட்டி, வீட்டுச் செலவுக் கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றை அண்ணியே எழுதினார். டேப் ரிக்கார்டர் கேசட்டிலிருந்து அது கம்ப்யூட்டரில் ஏறும்போது கீச்சென்று கத்தும். அம்மா காதைப் பொத்திக்கொள்வார். எட்டாவதோடு நின்ற நான்தான் எண்களைத் தட்டுவேன். எத்தனை அறை என்று கேட்ட இடத்தில் ஒருநாள் பூஜ்யம் போட்டேன். ஓடாமல் நின்றுவிட்டது. "ரூமே இல்லீன்னா அதுக்கும் மயக்கம் வருது பாரு கண்ணு" என்று அண்ணி சிரித்தார்.

சின்னதாக இருந்தால்தான் வீடு என்பார் அவர். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் கைக்கு எட்ட வேண்டும். "பெரிய வூட்டுக்குப் பெருக்க ஒருத்தி வேணும். அந்த ஒருத்தி நீதான். அதான் உன்னை ஸ்கூலுக்கு அனுப்புல" என்றார். அதுவரை யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. தருமபுரியில் அப்படி ஒரு வீடு பிடித்து, என்னையும் கூட்டிப்போய் மறுபடி பள்ளியில் சேர்ப்பதாகச் சொன்னார்.

புரோகிராமின் முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பேர் என்பது. அந்தத் தருமபுரி வீட்டுக்கு அண்ணன், அண்ணி, நான். எப்போதும் மூன்று போடுவேன். வாடகை, அரிசி, என் பள்ளிச் செலவு எல்லாம் போக மிச்சம் வரும்வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். ஒருநாள் வந்தே விட்டது.

வீடு கிடைத்த வாரம் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மூன்று தட்டினேன். அண்ணி திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டுன்னு போடு கண்ணு."

போட்டேன். மிச்சம் நிறைய வந்தது. அவர்கள் இருவர் மட்டும் தருமபுரிக்குக் குடிபோனார்கள். அதன் பிறகு பொங்கலுக்கு வரும்போதெல்லாம் வளையல் வாங்கி வருவார். பள்ளிப் பேச்சை எடுக்கவே மாட்டார். என்னை மறந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் விரலாலேயே என்னை எடுக்க வைத்தார்.

காரியம் முடிந்த மறுநாள் ஐந்து அறைகளைக் காலிசெய்து பூட்டினேன். அப்பா சாவியைக் கேட்டார். "எங்கிட்டதாங்கப்பா இருக்குது. இனிமே நாலு ரூமுதான் பெருக்குவேன்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியது அதுதான் முதல் முறை.

வளையல்கள் பூட்டிய அறையில் இருக்கின்றன. சின்னதாக இருந்தால்தான் வீடு என்று அண்ணி சொன்னதை மட்டும் என்னோடு வைத்திருக்கிறேன்.